திரும்பிப் பார்த்த பாவம்

காத்து எதுக்க அடிக்குது. அடிக்கட்டும். கிரவுண்டுல சாயங்கால வெயில்ல பொம்பளைப் பிள்ளைகளோட சேந்து ஓடி ஓடி உரமேறின தொடை இது, காத்துக்கெல்லாம் அசராது. பாம்பனை விட்டுக் கிளம்பினதுல இருந்து மூஞ்சியில அறைஞ்சுக்கிட்டே வருது, உதட்டை நக்கினா உப்புக் கரிக்குது, ஹெல்மெட்டுக்குள்ள காது ரெண்டும் ஊன்னு இரையுது, நல்லாத்தான் இருக்கு. பின்னாடி இவரு வாராரு. என் வீட்டுக்காரரு, சௌந்தரபாண்டியன், கூட்டுறவு சங்கத்துல கிளார்க்கு, சைக்கிள் மிதிச்சுப் பல வருஷம் ஆச்சு. வாடகைக்கு எடுத்த சைக்கிள், சீட்டு கீழ இறங்கிப்போயி, முழங்கால் ரெண்டும் வெளிய விரிஞ்சு தவளை மாதிரி மிதிக்கிறாரு. "மங்கை, மெதுவாப் போம்மா, ரயிலா போயிறப் போகுது"ங்கிறாரு. எனக்கு மட்டும் என்ன அவசரம்? நான் எம்புட்டு லேட்டாப் போனாலும் எனக்கு லாபந்தான். ராமேஸ்வரத்துல அக்னி தீர்த்தக் கரையில எங்க அத்தை, இவரைப் பெத்தவங்க, ஐயரைப் பிடிச்சு உக்கார வச்சுட்டுக் காத்திருக்கு. பிள்ளை வரத்துக்கு முழுக்கு. மூணாவது தடவை. ஒப்பந்தம் இதுதான்: ஒரு ராத்திரி என் ஆசைக்குத் தீவுல டென்ட் போட்டுத் தங்குறது, விடிஞ்சா அத்தை ஆசைக்குக் கடல்ல முழுகுறது. இவருதான் பேசி முடிச்சாரு. எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நின்னு பேசி முடிக்கிறதுல இவரை அடிச்சுக்க ஆளில்ல. நானும் தலையாட்டினேன். ஆட்டும்போதே உள்ளுக்குள்ள ஒருத்தி சொன்னா, டென்ட் சரி, முழுக்கு நடக்காதுன்னு. அப்ப அவளை நான் கண்டுக்கல. இப்ப ஒவ்வொரு மிதிக்கும் அவதான் பேசிக்கிட்டே வாரா.

போன் அடிக்குது. ஹேண்டில்பார்ல மாட்டியிருக்கேன், திரையில அத்தைன்னு வருது, எடுக்கல. அடுத்து இவரு சட்டைப் பையில அடிக்கும். இந்தா அடிச்சிருச்சு. "வந்துக்கிட்டே இருக்கோம்மா, தங்கச்சிமடம் தாண்டியாச்சு... இல்லம்மா, அவ பச்சைத் தண்ணிகூடத் தொடல." பொய்யி. முழுப் பொய்யி. காலையில நாங்க டென்ட் போட்டிருந்த தோப்புக்கார லூர்துமேரி அக்கா இட்லி அவிச்சுத் தூக்குவாளியில கொண்டாந்து வச்சுச்சு. வெறும் வயித்தோட வரணும், காப்பி கூடப் படக்கூடாதுன்னு அத்தை உத்தரவு. நான் சாப்பிட்டேன். தென்னைமரத்துல சாஞ்சு உக்காந்து, சட்னியில முக்கி, விரலை நக்கி நக்கிச் சாப்பிட்டேன். இவரு பாத்துக்கிட்டே நின்னாரு. "மங்கை, அம்மா வந்து..."ன்னு இழுத்தாரு. "வெறும் வயித்தோட சைக்கிள் மிதிச்சா மயக்கம் வரும், பி.டி. டீச்சர் சொல்றேன், நீங்களும் உக்காருங்க"ன்னேன். உக்காரல. அம்மா பிள்ளை. இப்பப் பசியில மூச்சு வாங்குறாரு, வாங்கட்டும். ஆனா ஒண்ணு, காட்டிக் குடுக்கல. எனக்காகப் பெத்த தாய்கிட்டப் பொய் சொல்லிருக்காரு, அதுக்கு ஒரு மார்க் போடலாம். ஒரு மார்க்தான். அடியே மங்கையர்க்கரசி, இட்லி தின்னதுக்கா இம்புட்டுப் பெருமை? ஆமா, பெருமைதான். இந்தப் பிள்ளை விஷயத்துல என் இஷ்டத்துக்கு நான் செஞ்ச மொதக் காரியம் இந்த இட்லிதான். ஊசி போட்டது அவுக இஷ்டம், மருந்து தின்னது அவுக இஷ்டம், வெள்ளிக்கிழமை ராகுகாலத்துல வேப்பமரத்தைச் சுத்தினது அவுக இஷ்டம், கால் யாருதுன்னா என்னுது.

மொதத் தடவை வந்தப்ப கல்யாணமாகி ரெண்டு வருஷம். கடல்ல முழுகணும், முழுகும்போது கட்டியிருந்த சேலையை மாத்திட்டு அதைக் கடல்லயே விட்டுறணும், விட்டுட்டுத் திரும்பிப் பாக்காம நடந்து வந்துறணும், தோஷம் சேலையோட போயிரும். அதுதான் முறைன்னாங்க. நான் என்ன சேலை கட்டியிருந்தேன்? சின்னாளபட்டி சுங்குடி, கத்திரிப்பூ கலரு. வேலை கிடைச்சதும் எனக்குன்னு நானே வாங்கிக்கிட்டது, அதுக்கு முன்னாடி எனக்கு எல்லாம் யாராவது எடுத்துக் குடுத்ததுதான். "பழசுதான, அதையே கட்டிக்க"ன்னுச்சு அத்தை. பழசாம். நான் வாய் திறக்கல. புது மருமக, வாய் திறந்தா வாயாடின்னு பேரு. முழுகினேன், மூக்குல தண்ணி ஏறிச்சு, மறைப்புக்குள்ள போயி மாத்தினேன், ஈரச் சேலையை அலையில விட்டேன், திரும்பினேன், நடந்தேன். நாலு எட்டு வச்சிருப்பேன், என்னமோ காலைச் சுத்துது. குளுகுளுன்னு, கெண்டைக்காலோட இறுக்கிப் பிடிக்குது. பாம்பா பாசியா என்னன்னு தெரியல. யாரா இருந்தாலும் திரும்பிப் பாப்பாங்கதான? பாத்தேன். சேலை. அலை அதைத் தூக்கியாந்து என் காலடியிலேயே போட்டிருக்கு, முந்தானை கணுக்காலைச் சுத்திக் கிடக்கு, கலரு நனைஞ்சு இன்னும் பளிச்சின்னு. வந்துட்டியான்னு கேக்கத் தோணுச்சு எனக்கு, சிரிப்பு வந்துருச்சு. "பாத்துட்டா! பாத்துட்டா! சிரிச்சிக்கிட்டே பாக்குறா!" அத்தை போட்ட சத்தத்துல குளிச்சுக்கிட்டிருந்தவங்க எல்லாரும் திரும்பிட்டாங்க. அந்த ஐயரு பாவம் நல்ல மனுஷன், பரவாயில்லம்மா, தெரியாமப் பாத்ததுக்குக் குத்தமில்லைன்னாரு. அத்தை விடல. அருப்புக்கோட்டை போய்ச் சேர்ற வரைக்கும் பஸ்ஸுல ஒரே பேச்சு. அப்புறம் மாசா மாசம் எனக்கு வந்துச்சுன்னா, அடுப்படியில இருந்து சட்டியைக் கழுவிக்கிட்டே ஒரு வார்த்தை: "அன்னைக்கு மட்டும் திரும்பாம இருந்திருந்தா." அம்புட்டுத்தான், திட்டக்கூட மாட்டாங்க. திட்டினாத் திருப்பித் திட்டலாம்.

பெடல்ல மணல் கரகரங்குது. செயினுக்கு எண்ணெய் விட்டுட்டு வந்திருக்கணும். மேட்டுல கியரைக் குறைச்சேன், மூச்சு சீரா வருது, இழு, விடு, இழு, விடு, பிள்ளைகளுக்குச் சொல்லிக் குடுக்கிற மாதிரி எனக்கே சொல்லிக்கிறேன். ரெண்டாவது தடவையை நினைச்சா எனக்கு இன்னைக்கும் கழுத்து வலிக்கும். அத்தை இந்தத் தடவை ஏமாற மாட்டேன்னு சேலையை அதுவே கையில வாங்கித் தூரக் கொண்டுபோய் விட்டுச்சு. விட்டுட்டு ஓடி வந்து, என் பின்னாடி நின்னு, ரெண்டு கையாலயும் என் தலையைப் பிடிச்சுக்கிச்சு. ரெண்டு கன்னத்துலயும் ரெண்டு உள்ளங்கை. அப்படியே நேராப் பிடிச்சபடிக்கு என்னைத் தள்ளிக்கிட்டுக் கரையேறி, கடைவீதி வழியா, சங்கு விக்கிறவன் பாக்க, மாலை கட்டுறவ பாக்க, லாட்ஜு வாசப்படி வரைக்கும் நடத்திக் கூட்டிட்டுப் போச்சு. ஆட்டைப் பிடிச்சுட்டுப் போற மாதிரி. ஸ்டேட் லெவல்ல ஓடினவ நான். நானூறு மீட்டர்ல இன்னைக்கும் எங்க ஸ்கூல்ல என் டைமை எவளும் முறியடிக்கல. அந்தத் தலையை ரெண்டு கையில பிடிச்சுத் தள்ளிக்கிட்டுப் போச்சு, இவரு பையைத் தூக்கிக்கிட்டு முன்னாடி நடந்தாரு. இவரு திரும்பிப் பாக்கவே இல்ல, இவரைத் திரும்பக்கூடாதுன்னு யாருமே சொல்லல, இருந்தாலும் பாக்கல. அதுலயும் ஒண்ணும் நடக்கல. ஒரு வருஷம் பாத்துட்டு அத்தைகிட்டக் கேட்டேன், இப்ப என்ன சொல்றீங்க, நான் திரும்பலையே, நீங்கதான பிடிச்சுக்கிட்டு வந்தீங்கன்னு. அத்தை வெங்காயம் உரிச்சுக்கிட்டிருந்துச்சு. நிமிராமச் சொல்லுச்சு: "தலை திரும்பல. மனசு திரும்பிருச்சு." நல்லா இருக்குல்ல? மனசை எந்தக் கையால பிடிக்கிறது? இனி அதுக்குப் பதிலே கிடையாது, சாகுற வரைக்கும் நான்தான் குத்தவாளி. ஒரு நாள் ராத்திரி முழுக்கத் தூங்காம யோசிச்சேன், நிசமாவே திரும்பிச்சோன்னு. அப்படி யோசிச்சேனே, அதுக்குத்தான் எனக்குக் கோவம், அத்தை மேல இல்ல, என் மேலேயே.

இடது பக்கம் முள்ளுக்காடு விலகிக் கடல் தெரியுது. பச்சை. அட, பச்சைதான். வலது பக்கம் தூரத்துல தெரியிற கடல் நல்லா நீலம். ரெண்டு தடவை இந்தத் தீவுக்கு வந்திருக்கேன், இதுக்கு ரெண்டு பக்கமும் ரெண்டு கலர்ல கடல் இருக்குதுன்னே எனக்குத் தெரியாது. பஸ்ஸு, லாட்ஜு, கரை, கிணத்துத் தண்ணி, ஈரச் சேலை, பஸ்ஸு. நேத்து சாயங்காலந்தான் தீவையே பாத்தேன். லூர்துமேரி அக்கா தோப்புல டென்ட்டை விரிச்சோம், ஆணி அடிச்சா மணல்ல நிக்குதா? அடிக்க அடிக்கப் பிடுங்கிக்கிட்டு வருது. இவரு ஒரு பக்கம் பிடிச்சா மறுபக்கம் பறக்குது, கூடாரத்துக்குள்ள காத்து புகுந்து இவரையும் சேத்து உருட்டிருச்சு. துணிக்குள்ள இருந்து, "மங்கை, கதவு எங்க இருக்கு"ங்கிறாரு. வயிறு வலிக்கச் சிரிச்சேன். கடைசியில கயித்தை ஒரு பக்கம் தென்னையிலயும் ஒரு பக்கம் என் சைக்கிள்லயும் கட்டி நிறுத்தினேன். இவரும் சிரிச்சாரு. இவரு சிரிச்சு எம்புட்டு நாளாச்சு! எங்க வீட்டுல சிரிப்புச் சத்தம் கேட்டாலே அத்தை எட்டிப் பாக்கும், என்ன, எதுவும் விசேஷமான்னு. விசேஷம்னா ஒண்ணே ஒண்ணுதான், அதுக்கு மட்டுந்தான் சிரிக்கணும். பிள்ளை இல்லாத வீட்டுல சும்மா சிரிக்கக்கூடாது போல. நாங்க நேத்து சும்மா சிரிச்சோம். இன்னைக்கு எனக்கு அரிச்சல்முனைக்குப் போகணும். தீவு முடியிற முனை, ரெண்டு கடலும் சேர்ற இடம், மேப்புல பாத்துப் பாத்து வச்சிருக்கேன். போற வழியில தனுஷ்கோடி, புயல்ல அழிஞ்ச ஊரு, மாதா கோயில் சுவரு மட்டும் நிக்குதாம், தண்டவாளம் மணலுக்குள்ள போயிருச்சாம். கடலு ஒரே ராத்திரியில ஊரைத் தின்னுருச்சு. அந்த ஊருக்கு எவ திரும்பிப் பாத்தா? எவ மனசு திரும்புச்சு? கடலு வந்துச்சு, போச்சு. வர்றது வரும், வராதது வராது, அதுக்கு ஒருத்தி கழுத்தைப் பிடிக்கணுமா?

பின்னாடி மணி அடிக்கிறாரு. "தண்ணி வேணுமா மங்கை?" வேணாம். நான் இப்ப நின்னா யோசனை நின்னுபோயிரும், இந்த யோசனை இன்னைக்குப் போயி முட்ட வேண்டிய இடத்துல முட்டணும். எங்க விட்டேன்? வராதது வராது. ஆமா. ஆனா அது மட்டுமில்லையே. அது மட்டும்னா நான் இன்னும் நாலு முழுக்கு முழுகுவேன், தண்ணிதான, போனாப் போகுதுன்னு. இன்னொண்ணு இருக்கு. இதுவரைக்கும் யாருக்கும் தெரியாது. ஆவணி மாசம், ஸ்போர்ட்ஸ் டே வருதுன்னு பிள்ளைகளுக்கு ரிலே பழக்கிக்கிட்டிருந்தேன். அந்தத் தடவை நாள் தள்ளிப்போயிருந்துச்சு. வீட்டுல அத்தை முகத்துல வெளிச்சம், என்னைக் குனிய விடல, வாளி தூக்க விடல, இவரு மாதுளம்பழம் வாங்கிட்டு வந்தாரு. கிரவுண்டுல குச்சி கை மாறுது, ஒன்பதாப்பு முத்துலட்சுமி கோட்டைத் தாண்டி ஓடுறா, நான் விசில் ஊதுறேன், ஊதும்போதே அடிவயித்துல இழுத்துப் பிடிச்சுச்சு. தெரிஞ்சிருச்சு. பாத்ரூமுக்குப் போயிப் பாத்தேன். வந்திருந்துச்சு. உக்காந்தேன். அழுகை வரும், வழக்கமா வரும், வரட்டும்னு உக்காந்திருந்தேன். வரல. அதுக்குப் பதிலா வாயில இருந்து ஒரு சத்தம் வந்துச்சு: அப்பாடா. நானா சொன்னேன்? நான்தான் சொன்னேன். பாத்ரூம்ல வேற யாரு இருந்தா? அப்பாடான்னு சொல்லிட்டு, பயந்துபோயி வாயைப் பொத்திக்கிட்டேன். வெளியில பிள்ளைக சத்தம், மிஸ் மிஸ் இவ குச்சியைக் கீழ போட்டுட்டா மிஸ்ஸுன்னு, நான் மூஞ்சியைக் கழுவிட்டுப் போயி ரிலேயை மறுபடியும் முதல்ல இருந்து ஓட விட்டேன். அன்னைக்கு அந்தப் பிள்ளைக ஓடினதைப் பாக்கையில எனக்கு அம்புட்டு சந்தோஷமா இருந்துச்சு. வீட்டுக்குப் போயி முகத்தைத் தொங்கப் போட்டுக்கிட்டு விஷயத்தைச் சொன்னேன். எல்லாரும் அழுதாங்க, நானும் கூட அழுதேன், நடிப்பு. அப்பாடான்னு ஒரு பொம்பளை சொல்லலாமா? சொல்லிட்டேனே. அதுக்கப்புறமும் மாசா மாசம் சத்தமில்லாம உள்ளுக்குள்ள அதேதான் வருது. எனக்குப் பிள்ளை பிடிக்காதா? பிடிக்கும். முந்நூறு பிள்ளைக மிஸ் மிஸ்ஸுன்னு சுத்தி வருதுக, ஒவ்வொண்ணு பேரும் தெரியும், எது காலைச் சாச்சு வைக்கும், எதுக்கு வீட்டுல அடி விழும், எல்லாம் தெரியும். பெத்துக்க ஆசைப்பட்டது நான் இல்ல, அம்புட்டுத்தான். ஆரம்பத்துல இருந்துச்சோ என்னமோ. ஊசியோடயும் முழுக்கோடயும் சேந்து அது எங்கேயோ வடிஞ்சுபோச்சு. இப்ப இல்ல. இல்லாததை இருக்குன்னு சொல்லிக் கடல்ல நின்னு கும்பிட்டா, அதுதான பாவம்?

தைரியமாத்தான் நினைக்கிறேன். நினைக்கிறதுல எனக்கு எப்பவும் குறைச்சலில்ல. எனக்குப் பிள்ளை வேணாம்னு வாய்விட்டுச் சொல்லணும், அங்கதான் நாக்கு மடங்குது. கிரவுண்டுல ஆளில்லாத நேரம் சொல்லிப் பாத்திருக்கேன், கோல் போஸ்ட்டைப் பாத்து. கேக்க நல்லாத்தான் இருந்துச்சு. மனுஷங்க மூஞ்சியைப் பாத்துச் சொன்னா? ஸ்டாஃப் ரூம்ல தமிழம்மா சொல்லும், ஓடியாடித் திரிஞ்ச உடம்பு, கர்ப்பப்பை தங்காதுன்னு. வேணாம்னு நான் சொன்னா, கிடைக்காத கழுதை வேற என்னத்தச் சொல்லும்னு சொல்லும். வயசான காலத்துல யாரு பாப்பாங்கற பயம் எனக்கும் இருக்கு, இல்லாம இல்ல. அம்பது வயசுல ஒரு நாள் காலையில முழிச்சு, ஐயோ தப்புப் பண்ணிட்டோமேன்னு நெஞ்சுல அடிச்சுக்கிட்டா? அடிச்சுக்கிறேன். என் நெஞ்சு, என் கை. பெத்தவங்க எல்லாம் அடிச்சுக்காமலா இருக்காங்க? அப்புறம் இவரு. இவருக்கு வேணும்னா? என்னை விட்டுட்டு வேற ஒருத்தியைக் கட்டினா? கட்ட மாட்டாருன்னு நான் எதை வச்சு நம்புறேன், ஒரு பொய்யையும் ஒரு மாதுளம்பழத்தையும் வச்சா? இந்த இடத்துலதான் ஒவ்வொரு தடவையும் சிக்கி நிக்கிறேன். இதோ இப்பவும் கால் தானா மெதுவாகுது பாரு, ரோடு சமமாத்தான் இருக்கு. மிதிடி. மிதி. போர்டு தெரியுது. நேராப் போனா கோயில், வலது கைப் பக்கம் தனுஷ்கோடி. நெஞ்சு அடிச்சுக்கிற சத்தம் காத்தை மீறிக் கேக்குது. ஓடுறதுக்கு முன்னாடி கோட்டுல குனிஞ்சு நிக்கும்போது இப்படித்தான் அடிக்கும், துப்பாக்கி வெடிச்சதும் சரியாப் போயிரும். இங்க வெடிக்க யாருமில்ல, நானேதான் வெடிக்கணும்.

நின்னேன். ஒரு காலை ஊனிக்கிட்டு போர்டுக்குக் கீழ நின்னேன். இவரு வந்து சேந்தாரு, சட்டையெல்லாம் வேர்வை, "என்னம்மா, செயின் கழண்டுருச்சா?"ன்னாரு. இல்லைன்னேன். "நான் முழுக வரல"ன்னேன். இவரு சிரிச்சாரு, விளையாடுறேன்னு நினைச்சு. அப்புறம் என் மூஞ்சியைப் பாத்துச் சிரிப்பை நிறுத்தினாரு. "இன்னைக்கு மட்டுமா?" "என்னைக்குமே. எனக்குப் பிள்ளை வேணாங்க." வந்துருச்சு. ஒரு மினி பஸ்ஸு ஹாரன் அடிச்சுக்கிட்டே போச்சு, போன பின்னாடியும் வார்த்தை அங்கேயே நிக்குது, யாரும் செத்துப் போகல. இவரு சைக்கிளை ஸ்டாண்டு போட்டாரு, அது சாஞ்சுச்சு, மறுபடியும் போட்டாரு. "ஒரு வார்த்தை முன்னாடியே சொல்லிருக்கலாம்ல?" "சொன்னா அம்மாகிட்டக் கேட்டுச் சொல்றேன்னு சொல்லுவீங்க." எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. "உங்களுக்கு வேணுமா? உங்களுக்கு, உங்க அம்மாவுக்கு இல்ல. இப்பச் சொல்லுங்க. வேணும்னா வேணும்னு சொல்லுங்க, நான் தாங்குவேன்"னேன். ரொம்ப நேரம் கடலைப் பாத்தாரு. நெத்தியில உப்பு காஞ்சு வெள்ளையா இருக்கு. "தெரியல மங்கை. நெசமாத் தெரியல. அலைஞ்ச அலைச்சல்ல அதை யோசிக்கவே இல்ல. யாரும் கேக்கவும் இல்ல"ன்னாரு. அடப் பாவி மனுஷா. இவரு மேல எனக்கு அந்த நிமிஷம் வந்த பிரியம், கல்யாணமாகி இத்தனை வருஷத்துல வந்ததில்ல. "சரி, யோசிங்க. நிதானமா யோசிங்க. என் முடிவு இதுதான், அதையும் சேத்து யோசிங்க"ன்னேன். "அம்மாகிட்ட என்னால பேச முடியாதும்மா." "உங்களைப் பேசச் சொல்லல. பையில நான் எடுத்து வச்ச இட்லி இருக்கு. சாப்பிடுங்க முதல்ல."

போனை எடுத்து நானே போட்டேன். ஒரு ரிங்குதான் போச்சு. "எங்கத்தா வந்துட்டீக? ஐயரு ரெண்டு தடவை கேட்டுட்டாரு, நானு முழுகிட்டு ஈரத்தோட நிக்கிறேன்"னுச்சு அத்தை. "அத்தை, நான் தனுஷ்கோடி ரோட்டுல நிக்கிறேன். நான் வரல." "ஏன், டயரு கியரு வெடிச்சிருச்சா? ஆட்டோ அனுப்பவா?" "டயரு நல்லா இருக்கு. முழுக்கு வேணாம் அத்தை, இனிமே எப்பவும் வேணாம். பிள்ளையும் வேணாம். ஐயருகிட்ட நான் சொன்னேன்னு சொல்லுங்க." காதுக்குள்ள கடல் இரையுது. திட்டும்னு பாத்தேன். திட்டல. "அவன் சொல்லச் சொன்னானா?"ன்னுச்சு. "இல்ல. நானாச் சொல்றேன்." அப்புறம் அத்தை குரல் உடைஞ்சுருச்சு. நான் அந்தக் குரலைக் கேட்டதே இல்ல. "அப்ப நான் எதுக்குடி எட்டு வருஷமா மீனு தொடாம இருந்தேன்? மொத முழுக்கு அன்னைக்கே அம்மன்கிட்டச் சொன்னேன், பேரப்பிள்ளை முகத்தைப் பாக்காம மீனை வாயில வைக்க மாட்டேன்னு." அத்தைக்கு மீனு ஒத்துக்காது, அரிப்பு வருதுன்னுதான் எங்க வீட்டுல எல்லாருக்கும் தெரியும். நான் குழம்பு வைக்கிற அன்னைக்கெல்லாம் ரசத்தை ஊத்திக்கிட்டுத் தட்டோட கொல்லைக்குப் போயிரும், வாடை ஆகாதுன்னு. எட்டு வருஷம். ஒரு வார்த்தை சொல்லல. என் வயித்துக்கு நேந்துக்கிட்டுத் தன் நாக்கைக் கட்டிப்போட்டிருக்கு. கண்ணு கலங்கிருச்சு எனக்கு, மறைக்கல. இந்த இடத்துல மசிஞ்சேன்னா நேரா விட்டுருவேன் சைக்கிளை, கோயிலுக்கு, கடலுக்கு, தலையை நானே அந்தக் கையில குடுத்துருவேன். மசியக்கூடாது. "நான் கேட்டேனா அத்தை? யாரு கேட்டா உங்களை?" கத்திட்டேன். இட்லியோட இவரு நிமிந்து பாக்குறாரு. "வேண்டினதை முறிச்சாக் குடும்பத்துக்கு ஆகாதுடி." "பிள்ளை வராது அத்தை. வராத பிள்ளைக்கு வேண்டுதலும் கிடையாது, அது இன்னைக்கோட முடிஞ்சு போச்சு." "அவன்கிட்டப் போனைக் குடு." "குடுக்க மாட்டேன். இது நம்ம ரெண்டு பேருக்குள்ள. நான் முனை வரைக்கும் போயிட்டு வாரேன், வரும்போது பாம்பன்ல மீனு வாங்கிட்டு வாரேன், நம்ம வீட்டு அடுப்புல நானே வைக்கிறேன், நீங்க என் பக்கத்துல உக்காந்து திங்கிறீங்க." "சாமி குத்தம்டி பாவி." "எழுதிக்கங்க என் கணக்குல, எனக்கென்ன புதுசா? என்ன மீனுன்னு மட்டும் சொல்லுங்க." அத்தை போனை வைக்கல. மூச்சு விடுறது கேக்குது, மூக்கை உறிஞ்சுறது கேக்குது, பக்கத்துல யாரோ மந்திரம் சொல்றது கேக்குது. "அத்தை, என்ன மீனு?" நான் போனைக் காதோட அழுத்திப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன். எம்புட்டு நேரம் ஆனாலும் சரி, சொல்ற வரைக்கும் நான் வைக்கப் போறதில்ல.